எதிர்க்கேள்வி பிறந்த கதை

மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஒரு பட்டறை நகரம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கம்பி இழுக்கும் ஆலைகளும் தறி செய்யும் தொழிற்சாலைகளும் இயந்திரப் பட்டறைகளுமாக வளர்ந்துகொண்டிருந்த ஊர். அந்த ஊர் மருத்துவர் ஜான் கிரீன், தான் சேர்த்துவைத்திருந்த சுமார் 7,000 நூல்களை 1859-இல் ஊருக்கு எழுதிக்கொடுத்தார். வூஸ்டர் பொது நூலகம் அந்தக் கொடையிலிருந்து உருவானது. கொடுத்தவர் ஒரு நிபந்தனை வைத்தார்: நூல்களை அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது.

நூலகத்தின் வேறொரு பிரிவிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகும் கதைப் புத்தகங்களுக்கு ஆள் வந்தது. மருத்துவரின் அலமாரிகள் பக்கம் வந்தவர்கள் கொஞ்சம்தான். நல்ல நூல்கள் இருந்தன, நாற்காலிகள் இருந்தன. ஆனால் எந்த நூலின் எந்தப் பக்கத்தில் தனக்கு வேண்டியது இருக்கிறது என்பது ஓர் இயந்திரத் தொழிலாளிக்கு எப்படித் தெரியும்?

1871-இல் இந்தச் சிக்கல் சாமுவேல் ஸ்வெட் கிரீன் என்பவரின் கைக்கு வந்தது. மருத்துவருடன் பிறந்தவரின் மகன். ஹார்வர்டில் இறையியல் படித்தவர். உடல்நலம் இடம்கொடுக்காததால் போதகர் ஆகாமல் வங்கி வேலைக்குப் போனார். பிறகு நூலகத்துக்கு வந்தார். வந்த மறு ஆண்டே ஞாயிற்றுக்கிழமையிலும் நூலகத்தைத் திறந்தார். ஆறு நாளும் ஆலையில் நிற்பவனுக்கு ஏழாவது நாளை விட்டால் வேறு நாள் இல்லை. தேவாலய மணி அடிக்கும் நாளில் நூலகம் திறந்திருப்பது அந்தக் காலத்து நியூ இங்கிலாந்தில் துணிச்சலான காரியம்.

அதைவிடப் பெரிய மாற்றம் நூலகத்துக்குள் நடந்தது. வருகிறவர்களிடம் அவர் பேச ஆரம்பித்தார்.

இதில் என்ன புதுமை என்று இன்று தோன்றும். அன்றைய நூலகத்தின் நடைமுறையைத் தெரிந்துகொண்டால் புரியும். அலமாரிகள் வாசகருக்குத் திறந்திருக்கவில்லை. அச்சிட்ட பட்டியலைப் புரட்டி, நூலின் பெயரையும் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி நீட்ட வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் எடுத்துவந்து தருவார். பெயர் தெரிந்தவருக்குப் புத்தகம் கிடைக்கும். பெயர் தெரியாதவர் திரும்பிப்போக வேண்டியதுதான். வாசகரின் கேள்வி நூலகரின் வேலைக்குள் சேரவில்லை. நூல்களை வாங்குவது, பட்டியலிடுவது, தொலைந்துபோகாமல் காப்பது, இவைதான் அவர் வேலை.

பிலடெல்பியாவில் ஒரு கட்டுரை

1876 அக்டோபரில், அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த பிலடெல்பியாவில் நூலகர்கள் கூடினார்கள். 90 ஆண்கள், 13 பெண்கள், ஆக 103 பேர். மூன்று நாள் கூட்டத்தின் முடிவில் அமெரிக்க நூலகச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டுதான் மெல்வில் டூயி தன் தசமப் பகுப்பு முறையையும், சார்லஸ் கட்டர் தன் பட்டியல் விதிகளையும் வெளியிட்டார்கள். புத்தகத்தை எப்படி அடுக்குவது, எப்படிப் பட்டியலிடுவது என்ற பேச்சே பெரிதாக இருந்த அந்தச் சபையில், எதிரே நிற்கும் ஆளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார் கிரீன். நூலகருக்கும் வாசகருக்கும் இடையே நேரடி உறவு வேண்டும் என்பது அதன் பொருள்.

அந்தக்காலச் சத்திரக்காரர் வழிப்போக்கரை வரவேற்பதுபோல வாசகரை வரவேற்க வேண்டும் என்றார். நல்ல கடைக்காரர் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் நிற்பதுபோல, கேட்டுவந்தது கிடைக்கும்வரை விடக்கூடாது என்றார். கதைப் புத்தகம் கொடுக்கும் இடத்தில் நன்றாகப் படித்த, ரசனையுள்ள ஒரு பெண்மணியை அமர்த்தி, உதவி கேட்கிற ஒவ்வொருவரிடமும் பேசச் சொல்லலாம் என்றார். தன் அறியாமையை வெளிக்காட்டக் கூச்சப்படுகிறவர்தான் அதிகம். அந்தக் கூச்சத்தைப் போக்குவது நூலகரின் பொறுப்பு என்பது அவர் எண்ணம்.

எல்லை எது என்பதையும் சொன்னார். அரசியலிலும் சமயத்திலும் நூலகர் தன் கட்சியைத் திணிக்கக் கூடாது. எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொடுத்து வாசகரைச் சோம்பேறியாக்கவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக அவரே தேடப் பழக்க வேண்டும். போதகருக்குப் படித்தவர் என்றாலும் காசுக் கணக்கையும் அவர் மறக்கவில்லை. நூலகம் தனக்குப் பயன்பட்டது என்று உணர்கிற ஊர், அதற்கு வரிப்பணம் ஒதுக்க முகம் சுளிக்காது என்று கணக்குப் போட்டார். மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனம் மக்களிடம் பேசித்தான் ஆக வேண்டும் என்ற இந்த நடைமுறை அறிவு, அவருடைய அன்பான அறிவுரைகளுக்கு ஒரு முதுகெலும்பைக் கொடுத்தது.

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. வாசகர் வாய்விட்டுக் கேட்பதும் அவருக்கு உண்மையில் வேண்டியதும் வேறுவேறாக இருந்தால் என்ன செய்வது? இன்முகத்தோடு வரவேற்றால் மனிதர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கை அந்தக் கட்டுரையின் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

மேசை வந்தது, மனிதர் மறைந்தார்

கிரீன் சொன்னது ஒரு பண்பு. அதை ஒரு பணியிடமாக மாற்றியவர் டூயி. கொலம்பியா கல்லூரி நூலகத்தின் பொறுப்பை 1883-இல் ஏற்றவர், அடுத்த ஆண்டே வாசகர்களுக்கு உதவுவதற்கென்று இருவரை நியமித்தார். 1890-களில் இந்த உதவிக்கு ‘ரெஃபரன்ஸ்’ வேலை என்ற பெயர் தொழிலுக்குள் நிலைபெற்றது. பெரிய நூலகங்களில் அதற்கென ஒரு மேசை போடப்பட்டது.

மேசை வந்த பிறகு கவனம் அதன் பின்னாலிருந்த அலமாரிக்குப் போனது. கலைக்களஞ்சியங்கள், அகராதிகள், ஆண்டு நூல்கள், நிலப்படத் தொகுதிகள் என்று எதில் எது இருக்கிறது என்பதை மனப்பாடமாக அறிந்தவரே நல்ல ரெஃபரன்ஸ் நூலகர் என்றானது. 1902-இல் ஆலிஸ் குரோகர் இத்தகைய நூல்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டார். அவருக்குப்பின் அதை வளர்த்த கொலம்பியாவின் இசடோர் மட்ஜ் பல தலைமுறை மாணவர்களைப் பழக்கினார். 1930-இல் ஜேம்ஸ் வையர் எழுதிய பாடநூல், உதவியின் அளவை வைத்து மூன்று கட்சிகளைப் பிரித்துக்காட்டியது: வழியைக் காட்டிவிட்டு ஒதுங்குபவர்கள், நடுவில் நிற்பவர்கள், விடையையே எடுத்துக்கொடுப்பவர்கள். எவ்வளவு உதவுவது என்பதில்தான் சண்டை; எதைக் கேட்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது பேச்சின் ஓரத்திலேயே இருந்தது. வாசகருடனான அந்த உரையாடலை ஒரு நேர்காணலாகவே கருதிப் பாடம் எழுதியவர் மார்கரெட் ஹட்சின்ஸ். அவர் நூல் வெளிவந்தது 1944-இல்.

சென்னையிலிருந்து ஒரு கருவி

இதற்குள் இதே கேள்வியை வேறு கோணத்தில் ஒருவர் பிடித்திருந்தார். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியின் கணித ஆசிரியர் வேலையை விட்டு 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டன் சென்று நூலகக் கல்வி கற்றுத் திரும்பியவர், அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் மூன்றாவது, புத்தகத்தின் பக்கம் நின்று பேசுவது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைத் தேடித்தர வேண்டும். யாரோ ஒருவர் நடுவில் நின்று இருவரையும் சேர்த்துவைக்காமல் இது நடக்காது. எனவே ரெஃபரன்ஸ் சேவையை நூலகத்தின் மையமாகவே அவர் கருதினார். 1940-இல் சி. சுந்தரத்துடன் சேர்ந்து அதற்கெனத் தனி நூலே எழுதினார். கையோடு சொல்லிவிடக்கூடிய விடைகளையும், நாள்கணக்கில் தேட வேண்டிய விடைகளையும் இரு வகைச் சேவைகளாகப் பிரித்தார்.

வாசகர் தனக்கு வேண்டியதைவிடப் பரந்த தலைப்பைத்தான் கேட்பார் என்பது ரங்கநாதனுக்குத் தெரியும். நெல்லைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூலகர் நெல் அலமாரியைக் காட்டலாம். அல்லது கேட்கலாம்: பயிரா, அரிசியா? விதைப்பா, நோயா, அறுவடையா? எந்தப் பகுதி? எந்தக் காலம்? நாலு கேள்வி தாண்டியதும், காவிரிப் படுகையில் இந்தப் பருவத்தில் வந்த குலைநோய்க்கு வழி தேடும் ஒரு விவசாயி எதிரே நிற்பது தெரியவரலாம். பொருள், செயல், இடம், காலம் என்று அறிவைக் கூறுகூறாகப் பிரிக்கும் அவருடைய கோலன் பகுப்பு முறை புத்தக முதுகில் எண் ஒட்டுவதற்குப் பிறந்தது. மேசையில் அது கேள்வி கேட்கும் கருவியாகவும் பயன்பட்டது. நூல்களைப் பகுப்பவரும் வாசகரோடு பேசுபவரும் ஒரே மூளையின் இரண்டு வேலையைச் செய்கிறார்கள் என்று காட்டியது சென்னை.

தெரியாததை எப்படிக் கேட்பது?

வாசகர் ஏன் நேராகக் கேட்பதில்லை என்பதற்கு இன்றுவரை எடுத்தாளப்படும் விளக்கத்தை 1968-இல் தந்தவர் ராபர்ட் டெய்லர். பென்சில்வேனியாவின் லீஹாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், அனுபவமுள்ள நூலகர்களிடம் பேசி அந்தக் கட்டுரையை எழுதினார். மற்ற உரையாடல்களில் நமக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்கிறோம். இந்த மேசையில் மட்டும் நமக்குத் தெரியாததைப் பிறருக்கு விவரிக்க வேண்டியிருக்கிறது. சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

ஒரு கேள்வி நான்கு படிகளில் இறங்கி வருகிறது என்றார் டெய்லர். ஓர் உதாரணம் வைத்துப் பார்க்கலாம். புது மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அப்பா சோர்ந்துபோய்க் கிடக்கிறார். மகளுக்கு மனத்தில் ஏதோ உறுத்துகிறது. இன்னும் சொல்லாக வரவில்லை. இது முதல் படி. மாத்திரையால்தானோ, வயதினாலோ, வேறு நோயோ என்று குழம்புவது இரண்டாவது. இந்த மாத்திரைக்கு என்ன பக்கவிளைவு என்று தெளிவாக ஒரு கேள்வியாகத் திரட்டுவது மூன்றாவது. நூலகத்துக்குள் நுழைகிறாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்குப் புத்தகம் இருக்குமா, இருந்தாலும் எந்தப் பெயரில் அடுக்கியிருப்பார்கள் என்று தானே யோசித்து, நூலகத்துக்குப் பொருந்தும்படி கேள்வியை வெட்டிச் சுருக்கி, “மருத்துவப் புத்தகமெல்லாம் எங்க இருக்கு?” என்று கேட்கிறாள். நான்காவது படி அது. மேசைக்கு வந்து சேர்வது இந்த நான்காவது கேள்வி மட்டுமே.

கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லும் நூலகர் அவளை மருத்துவ அலமாரிக்கு அனுப்புவார். அங்கே உடற்கூறு நூல்களுக்கு முன்னால் நின்றுவிட்டு அவள் வீட்டுக்குப் போவாள். பதிலில் பிழை இல்லை, பயனும் இல்லை. திறமையான நூலகரின் வேலை அவளைப் படிப்படியாக மேலே திரும்ப அழைத்துப்போவது.

இதில் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. 1972-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் மேரி ஜேன் ஸ்வோப், ஜெஃப்ரி கேட்சர் இருவரும் அங்கிருந்தவர்களிடம் விசாரித்தார்கள். 41 சதவீதம் பேருக்கு மனத்தில் ஒரு கேள்வி இருந்தது. அவர்களில் 65 சதவீதம் பேர் அதை நூலகரிடம் கேட்கப்போவதில்லை என்றார்கள். இது ரொம்பச் சாதாரணக் கேள்வி, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், போன முறை கேட்டுப் பயன் இல்லை என்பன அவர்கள் சொன்ன காரணங்கள்.

பாதிக்குப் பாதி

நூலகர்கள் தங்கள் சேவை நன்றாக நடப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். டெரன்ஸ் குரோலி, தாமஸ் சில்டர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூ ஜெர்சி பொது நூலகங்களுக்கு ஆள்வைத்துக் கேள்வி கேட்டார்கள். சரியான விடை ஆய்வாளர் கையில் முன்பே இருக்கும்; கேட்பவர் ஆய்வுக்காக வந்தவர் என்பது நூலகருக்குத் தெரியாது. 1971-இல் நூலாக வந்த முடிவுகளில், சரியாகப் பதில் கிடைத்தது பாதியைச் சற்றே தாண்டியது. பிறகு வேறு வேறு இடங்களில் நடந்த சோதனைகளிலும் கிட்டத்தட்ட அதே எண். 1986-இல் பீட்டர் ஹெர்னன், சார்லஸ் மெக்லூர் இருவரும் அதற்கு ‘55 சதவீத விதி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

தொழிலுக்கே இது அவமானம். புத்தகம் போதாதா, ஆள் போதாதா, நேரம் போதாதா? மேரிலாந்து மாநிலம் 1983-இல் 60 நூலகங்களில் 2,400 கேள்விகளை இப்படிக் கேட்டுப் பார்த்தது. அங்கும் 55 சதவீதம்தான். ஆனால் மேரிலாந்து ஆய்வு காரணத்தையும் தேடியது. நூல்களின் எண்ணிக்கையோ வேலைப் பளுவோ பெரிய வித்தியாசம் செய்யவில்லை. வித்தியாசம் செய்தது நூலகர் நடந்துகொண்ட விதம். கேள்வியைத் தன் வாயால் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாரா? விவரம் கேட்டாரா? கடைசியில், வந்தவரைப் பார்த்து, நீங்கள் தேடிவந்தது முழுதாகக் கிடைத்ததா என்று விசாரித்தாரா? கடைசியில் கேட்கும் அந்த ஒரு கேள்விக்கே பெரிய பலன் இருந்தது. அங்கே பாதி வழியில் நின்ற உரையாடல் மறுபடி தொடங்குகிறது. இவை பிறவிக் குணங்கள் அல்ல, பயிற்சியால் வருபவை. பயிற்சி கொடுத்த நூலகங்களில் சரியான விடைகள் கூடின.

ஏன் என்று கேட்கக் கூடாது

எதிர்க்கேள்வி வேண்டும் என்பது நிச்சயமான பிறகு, எந்த எதிர்க்கேள்வி என்ற கேள்வி வந்தது. மாத்திரையைப் பற்றிப் படிக்க வந்த மகளிடம் “எதுக்கு உங்களுக்கு?” என்று கேட்டால் அவள் முகம் மாறும். விவாகரத்துச் சட்டம் தேடுகிறவரிடமும் அப்படித்தான். அதில் விசாரணையின் தொனி இருக்கிறது. வாசகர் தன் தேவைக்கு நியாயம் சொல்ல வேண்டியவராகிவிடுகிறார்.

1986-இல் பிரெண்டா டெர்வின், பாட்ரிசியா டியூட்னி இருவரும் வேறு வழி சொன்னார்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: என்ன சூழ்நிலையில் இது தேவைப்பட்டது, எந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறீர்கள், கிடைத்தால் எதற்குப் பயன்படும். அதையும் காரணத்தோடு கேளுங்கள்: எந்த வேலைக்கு என்று தெரிந்தால் சரியாகத் தேட முடியும் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எவ்வளவு சொல்வது என்பது வாசகரின் விருப்பத்திலேயே இருக்கும்.

கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் டியூட்னியும் கேத்தரின் ராஸும் 1990-களில் மாணவர்களைத் தங்கள் சொந்தக் கேள்விகளோடு நூலகங்களுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ பாதி இடங்களில் நூலகர் ஒரு கேள்வியும் திருப்பிக் கேட்கவில்லை. பேசாமல் கணினியில் தட்ட ஆரம்பித்தவர்கள் உண்டு; ஓர் எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டியவர்கள் உண்டு. 1876-இன் சீட்டு மேசையின் மறுபக்கத்திலிருந்து நீண்டது, அவ்வளவுதான்.

டியூட்னியும் கில்லியன் மிச்செலும் 1996-இல் எழுதிய கட்டுரை ஒன்று, காதில் விழும்போதே கேள்வி எப்படித் திரிந்துபோகிறது என்று ஆராய்ந்தது. அதில் ஒரு மாணவர் ‘ஆரஞ்சஸ் அண்ட் பீச்சஸ்’ என்ற நூலைக் கேட்டு வருகிறார். அவருக்கு வேண்டியது டார்வினின் ‘ஆரிஜின் ஆஃப் ஸ்பீஷீஸ்’. பழம் பற்றிய நூலைத் தேடுகிற கணினி இதைக் கண்டுபிடிக்காது. எந்த வகுப்புக்காக, ஆசிரியர் என்ன சொல்லி அனுப்பினார் என்று கேட்கிற மனிதர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

1996-இல் அமெரிக்க நூலகச் சங்கம் இவற்றையெல்லாம் திரட்டி நடத்தை வழிகாட்டியாகவே எழுதிவைத்தது. அணுகும்படி இருப்பது, ஆர்வம் காட்டுவது, கேட்டுக்கொள்வதும் விசாரிப்பதும், தேடுவது, முடிவில் மீண்டும் விசாரிப்பது என்று ஐந்து பிரிவுகள். தலை நிமிர்ந்திருக்க வேண்டும், வேறு வேலையில் மூழ்கியிருக்கக் கூடாது என்பதுவரை அதில் உண்டு. கிரீன் சொன்ன சத்திரக்காரரின் முகமலர்ச்சி, 120 ஆண்டு கழித்து, அளந்து பார்க்கக்கூடிய விதியானது. 2004-இல் தொலைபேசிக்கும் இணைய உரையாடலுக்கும் ஏற்றபடி அதை விரித்தார்கள். முகம் தெரியாத இடத்தில் நூலகரின் மௌனம் கைவிட்டதாகத் தோன்றும் என்பதால், தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவ்வப்போது எழுதிக்கொண்டிருப்பதும் சேவையில் சேர்ந்தது.

மேசைகூட இப்போது கட்டாயமில்லை. வூஸ்டர் இருக்கும் அதே மாநிலத்தின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 1990 வாக்கில் மரபான ரெஃபரன்ஸ் மேசையை எடுத்துவிட்டது. எளிய கேள்விகளுக்கு மாணவர்களை முன்னால் வைத்து, நூலகரோடு உட்கார்ந்து பேசத் தனி அறை ஒதுக்கியது. மேசைக்கு இப்பாலும் அப்பாலும் நின்று அவசரமாகப் பேசும்போது கூச்சம் கூடுகிறது என்பது அந்த முடிவின் பின்னால் இருந்த வாதம்.

இன்று தேடல் பெட்டியில் நாம் தட்டுவதும் பெரும்பாலும் டெய்லர் சொன்ன அந்த நான்காவது படிக் கேள்விதான், வெட்டிச் சுருக்கியது. பெட்டி அதை அப்படியே நம்பி ஆயிரம் விடை கொட்டுகிறது. விடை குவியக் குவிய, சரியான கேள்வியைத் திரட்டித் தரும் ஆளின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அப்படிப்பட்டவர் உட்கார்ந்திருக்கும் நூலகத்துக்குப் போகிறவர், எந்த அலமாரி என்று கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் என்ன நடந்தது, எதில் தடைபட்டு நிற்கிறோம் என்பதைச் சொல்லலாம். மிச்சக் கேள்விகளைக் கேட்பது அவர் வேலை. அந்தப் பணியிடம் உருவானதே அதற்காகத்தான்.